லிமோஜ் நகரத்துப் பேழை

இலண்டன் மாநகரிலுள்ள விக்ரோறியா - அல்பேட் நூதனசாலையிலே ஒரு சிறு பேழை காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. உயரம் ஏறக்குறைய ஓரடி. நீளம் அதனினும் ஓரிரு அங்குலம் கூடுதல். அகலம் ஐந்தங்குலத்துக்கு உட்பட்டது. இருபுறமும் சரிந்த கூரையோடு கூடிய ஒரு சிறு வீட்டின் வடிவிலே அது அமைந்துள்ளது. தூரத்தில் நிற்பவருக்கு முதலிற் புலப்படுவது அதன் நிறமே. ஆழ்ந்த நீலம், அந்நீலத்தினிடையே பொன்னாலான மனித உருவங்கள். நகைப்பெட்டியோ என ஐயுற்று அருகே செல்பவர், அவ்வுருவங்கள் நிகழ்த்திக்கொண்டிருப்பது ஒரு கொலை என்பதைக் கண்டு சற்றுத் திகைப்பர்.

பேழையின் முன்புறத்துக் கீழ்ப்பகுதியிலே ஒரு பீடம். பீடத்தின் மீது பூசைக்குரிய கிண்ணம். அதன் முன் நிற்கும் குருவை நோக்கி, இடப்புறமிருந்து மூன்று வீரர் ஆயுதமேந்தி வருகின்றனர். மறுபுறத்தில் நிற்கும் இரு துறவியர் செய்வதறியாது கைகளை உயர்த்துகின்றனர். மேலே, கூரைச் சரிவிலே, அக்குருவின் உடல் அடக்கஞ் செய்யப்படுகின்றது. அதனருகே அவருடைய ஆன்மாவைத் தேவதூதர் விண்ணுக்கு ஏந்திச் செல்கின்றனர். எழுத்தறியாத ஒரு குடியானவனும் வாசிக்கத்தக்க கதை அது.

கொலையுண்டவர் கன்ரர்பரி அதிமேற்றிராணியார் தோமஸ் பெக்கெற். இலண்டன் வணிகர் ஒருவரின் மகனாகிய அவர், இங்கிலாந்தின் அரசன் இரண்டாம் ஹென்றிக்கு உற்ற நண்பராயும், அவனுடைய அரசாங்கத்தின் தலைமைச் செயலாளராயும் இருந்தவர். திருச்சபையைத் தன் கைக்குள் வைத்திருக்க விரும்பிய ஹென்றி, 1162 ஆம் ஆண்டிலே தன் நண்பரை அதன் தலைமைப் பதவியில் அமர்த்தினான். அவன் கணக்குப் பிழைத்தது. பதவியேற்ற நாள்தொட்டுப் பெக்கெற் திருச்சபையின் உரிமைகளுக்காக அரசனோடு வாதிடத் தொடங்கினார். குற்றஞ்செய்த குருமாரை விசாரிக்கும் அதிகாரம் அரசனுடைய மன்றங்களுக்கு உரியதா, திருச்சபையின் மன்றங்களுக்கு உரியதா என்பது அவ்வழக்கின் மூலம். 1164 ஆம் ஆண்டிலே பெக்கெற் பிரான்சுக்குத் தப்பியோடி, ஆறாண்டுகள் புறநாட்டில் வாழ்ந்தார். பெயரளவிலான ஓர் இணக்கத்தின்பின் 1170 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்திலே தாயகம் திரும்பினார். அத்திங்கள் முடியுமுன் மாண்டார்.

நோர்மண்டியில் இருந்த அரசன் சினத்தில் ஏதோ கூறினான். அதனைக் கேட்ட நால்வர் கடல் கடந்தனர். டிசம்பர் 29 ஆம் நாள் மாலை, பேராலயத்திலே மாலைச் செபம் நிகழும் வேளையிலே, அவர்கள் உட்புகுந்து அதிமேற்றிராணியாரை வாளால் வெட்டினர். தடுக்க முயன்ற எட்வேட் கிறிம் என்னும் குருவின் கையிலும் வெட்டு விழுந்தது. அக்கிறிம் பின்னர் அந்நிகழ்ச்சியை எழுதிவைத்தார். வேறு பலரும் எழுதினர். ஆகவே, அவ்வளவு தொன்மையான கொலைகளுள் இதனைப் போல நுணுக்கமாக அறியப்பட்டவை மிகச் சிலவே.

அறியப்பட்டதற்கும் பேழையிற் கண்டதற்கும் வேறுபாடு உண்டு. வந்த வீரர் நால்வர், பேழையில் மூவர். பெக்கெற் வீழ்ந்தது ஆலயத்தின் வடபுறத்துப் பக்கமண்டபத்திலே. பேழையிலோ அவர் பீடத்தின் முன் நின்று கிண்ணத்தை நோக்கிக் கைநீட்டுகின்றார். வீரர் எண்ணிக்கை குறைந்தது இடநெருக்கடியால் என்று கொள்ளலாம். பீடம் வந்து சேர்ந்தது அவ்வாறன்று. பூசை செய்யும் குருவை வெட்டினர் என்று காட்டுவது, வெட்டப்பட்டவரையே பலிப்பொருளாகக் காட்டுவதாகும். கைவினைஞன் செய்தியை மாற்றினான். ஆனால் கன்ரர்பரி மக்கள் அக்கொலையை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை அவன் பிசகாமற் சொன்னான் என்றே கூறவேண்டும்.

அவர்கள் உணர்ந்த விதம் அன்றிரவே வெளிப்பட்டது. தரையிற் கிடந்த இரத்தத்தை மக்கள் துணிகளிலே தோய்த்தெடுத்தனர். துறவியர் எஞ்சியதைக் கலங்களிற் சேர்த்தனர். பெருமளவு நீரிலே அவ்விரத்தத்தின் ஒரு துளியைக் கலந்து நோயாளருக்குக் கொடுக்கும் வழக்கம் எழுந்தது. ஈராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள், 1173 ஆம் ஆண்டிலே, பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். புனிதர் ஒருவருடைய எலும்பு, உடை, இரத்தந் தோய்ந்த துணி முதலியன திருப்பண்டங்கள் எனப்படும். திருப்பண்டம் பெற்ற ஆலயத்துக்கு அதனை வைக்கத் தகுந்த பேழை வேண்டும். அத்தகைய பேழைகள் மிகுதியாக வந்த இடம் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள லிமோஜ் நகரம்.

லிமோஜில் அக்காலத்துப் பெரும்பொருள் பொன் அன்று, செம்பு. கொன்சுதாந்திநோபிளிலே எனாமல் வேலை செய்தவர்கள் பொற்றகட்டின் மீது மெல்லிய பொற்கம்பிகளை ஒட்டி, அக்கம்பிகள் வகுத்த சிற்றறைகளிலே வண்ணங்களை நிரப்பினர். அது அரசருக்கே இயலும் வேலை. லிமோஜ்க் கைவினைஞர் தடித்த செப்புத் தகட்டை எடுத்தனர்; அதன்மேல் உருவத்தைக் கீறினர்; வண்ணம் வரவேண்டிய இடங்களைச் சிற்றுளியாற் குடைந்தெடுத்துக் குழிகளாக்கினர். குடையாது விட்ட செம்பு, மெல்லிய வரம்பாகக் குழிகளைப் பிரித்து நின்றது. வயலுக்கு வரம்பு கட்டுவது கொன்சுதாந்திநோபிள் முறை. மேட்டு நிலத்தைத் தோண்டி வயலாக்கி, தோண்டாததை வரம்பாக விடுவது லிமோஜ் முறை.

எனாமல் என்பது யாது? வீட்டிலுள்ள எனாமற் கோப்பை தவறி விழும்போது ஓரத்திலே சில்லுச் சில்லாகப் பெயர்வதை யாவரும் கண்டிருப்பர். அது நெய்ப்பூச்சு அன்று. உலோகத்தின்மேல் உருகிப் படிந்த கண்ணாடி. லிமோஜ் எனாமலும் அதுவே. கண்ணாடிக்கு நிறம் கொடுப்பன உலோகங்களின் ஒட்சைட்டுகள். கோபாற்று ஆழ்ந்த நீலத்தையும், செம்பு பச்சையையும் பசுநீலத்தையும், மங்கனீசு ஊதாவையும் தரும். நிறக்கண்ணாடியை மாவாக அரைத்து, நீரில் அலசிக் கழிவகற்றி, அந்த ஈரமாவைக் குழிகளிலே பதித்து, நன்கு உலர்த்தி, உலையில் வைப்பர். ஈரம் சிறிதளவு எஞ்சினும் ஆவி வெடித்து மாவை வெளியே தள்ளிவிடும். ஏறத்தாழ 800 பாகை சென்ரிகிறேட் வெப்பத்திலே கண்ணாடி உருகும். செம்பு உருகுவதற்கோ 1,080 பாகைக்கு மேல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் அக்கலை முழுவதும் நடைபெறுகின்றது. வெப்பமானி இல்லாத காலம். உலையின் ஒளிநிறத்தைக் கண்ணாற் பார்த்தே வினைஞன் வெப்பத்தை மதிப்பிட்டான்.

உருகிய மா சுருங்கும். ஆகையால் ஒருமுறை இட்டது குழியை நிரப்பாது. மீண்டும் இட்டு மீண்டும் சுடவேண்டும். பல முறை சுட்டு, குழி நிரம்பியபின், மேற்பரப்பைக் கல்லால் தேய்த்துச் செம்போடு சமனாக்குவர். லிமோஜ் வினைஞரின் தனித்திறமை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. ஒரே குழிக்குள், இடையே வரம்பு எதுவுமின்றி, கடுநீலம், இளநீலம், வெண்மை என மூன்று வண்ணங்களை அடுத்தடுத்துப் பதித்து, ஒன்றோடொன்று கலந்து குழம்பாதபடி சுட்டெடுத்தனர். பூவிதழும் முகிலும் அவ்வாறு பிறந்தன. செய்து பார்க்காதவர்க்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம்.

அக்கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. 12 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தியோபிலஸ் என்னும் புனைபெயரில் ஒரு துறவி கைத்தொழில்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். பழைய அஞ்ஞானிகளின் கட்டடங்களிலே சுவரிற் பதிக்கப்பட்டிருக்கும் சிறு சிறு நிறக்கண்ணாடிக் கட்டிகளை எனாமலுக்குப் பயன்படுத்தலாம் என அவர் குறிப்பிடுகின்றார்; பிரெஞ்சுக்காரர் பழைய நீலக் கண்ணாடியைத் தம் உலைகளில் உருக்குவதையும் கூறுகின்றார். நெடுங்காலம் இது நூலோர் கூற்றாகவே இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே லிமோஜ் எனாமல்களை இரசாயன முறையில் ஆராய்ந்தபோது, 12 ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் பலவற்றிலே கண்ணாடியை ஒளிபுகாதபடி ஆக்கியிருப்பது அந்திமனி எனத் தெரியவந்தது. அது உரோமர் காலத்து முறை. இடைக்காலத்தார் அதற்கு வெள்ளீயத்தையே பயன்படுத்தினர். ஆகவே, கிறித்தவப் புனிதரின் பேழையிலே ஒளிரும் நீலம், ஆயிரமாண்டுகளுக்கு முன் உரோமர் கட்டிய மண்டபத்துச் சுவரிலிருந்து வந்திருத்தல் கூடும்.

இறுதியிலே பொன் வரும். எனாமல் சுட்டு முடிந்தபின் வெளியே தெரியும் செம்பு முழுவதற்கும் பொன்முலாம் இடுவர். பொற்றூளைப் பாதரசத்திலே கரைத்து, வெண்ணெய் போன்ற அக்குழம்பைச் செம்பின்மேற் பூசிச் சூடாக்குவர். பாதரசம் ஆவியாகிப் போய்விடும். பொன் செம்பைப் பற்றிக்கொள்ளும். இதற்கு வேண்டிய வெப்பம் கண்ணாடியை உருக்கப் போதாது. எனவே எனாமலுக்கு ஊறில்லை. ஊறு வினைஞனுக்கே. பாதரச ஆவி நரம்புகளைத் தாக்கும். கை நடுக்கத்தையும் மனத் தளர்ச்சியையும் விளைவிக்கும். நூதனசாலையிலே அந்தப் பொன்னொளியை வியப்பவர் பலர். அதனை மூச்சிலே வாங்கியவர்களின் பெயர்கள் ஒன்றிரண்டன்றி வரலாற்றில் நிற்கவில்லை.

இவ்வாறு அணிசெய்த தகடுகளைப் பெரும்பாலும் ஒரு மரப்பெட்டியின்மேல் ஆணிகளால் அறைந்தனர். பின்புறத்திலோ பக்கத்திலோ பூட்டோடு கூடிய சிறு கதவு இருக்கும். வீட்டின் வடிவமா, கல்லறையின் வடிவமா, ஆலயத்தின் வடிவமா என்று கேட்பின், மூன்றும் எனலாம்.

இலண்டனிலுள்ள பேழை 1180 ஆம் ஆண்டுக்கும் 1190 ஆம் ஆண்டுக்கும் இடையிற் செய்யப்பட்டதென்பர். கன்ரர்பரியில் இருந்து 1177 ஆம் ஆண்டிலே பீற்றர்பரோ மடத்தின் தலைவராகச் சென்ற பெனடிக்ற் என்பவர் பெக்கெற்றின் திருப்பண்டங்கள் சிலவற்றைத் தம்மோடு கொண்டுபோனார். அவருக்காகவே இது செய்யப்பட்டிருக்கலாம் எனக் கருதுவோர் உளர். பெக்கெற்றின் கதையைக் காட்டும் லிமோஜ்ப் பேழைகள் இன்று ஏறத்தாழ ஐம்பது எஞ்சியுள்ளன. இங்கிலாந்தின் ஹெறிபேட் பேராலயத்தில் ஒன்று. சுவீடன் நாட்டின் துறோனோ என்னும் சிற்றூரில் ஒன்று. இத்துணை தூரத்துக்கு அவை பரவியதற்குக் காரணம் செம்பின் மலிவே. பொன்னாற் செய்திருப்பின் ஒன்றிரண்டு பேராலயங்களோடு நின்றிருக்கும்.

இவ்விடத்திலே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. லிமோஜ் நகரம் அந்நாளிலே யாருடைய ஆட்சியில் இருந்தது? அக்குவித்தேன் சீமையின் உரிமைப் பெண்ணாகிய எலியனோரை 1152 ஆம் ஆண்டிலே மணந்ததன் மூலம் அந்நிலம் முழுவதையும் பெற்றவன் இரண்டாம் ஹென்றி. எவனுடைய சினத்தினால் பெக்கெற் வெட்டுண்டாரோ, அவனுடைய குடிகளே அவ்வெட்டைச் செம்பிலே கொத்தி உலகெங்கும் அனுப்பினர். அவன் காலத்திலேயே அனுப்பினர். அவன் தடுக்கவில்லை, தடுத்தாலும் பயனிராது. 1174 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே அவனே வெறுங்காலோடு கன்ரர்பரிக்கு நடந்து, பெக்கெற்றின் கல்லறை முன் மண்டியிட்டு, துறவியரின் கையாற் கசையடி பெற்றான். மறுநாளே அவனுடைய பகைவனாகிய ஸ்கொத்லாந்து அரசன் போரிற் பிடிபட்டான். புனிதர் மன்னித்துவிட்டார் என்றனர் மக்கள். அரசனுக்கும் அவ்விளக்கம் கசந்திராது. அதன்பின் கொலையுண்டவரின் புகழ் அரச குடும்பத்தின் புகழோடு ஒட்டிக்கொண்டது; அவனுடைய பெண்மக்கள் மணமுடித்துச் சென்ற நாடுகளிலும் அப்புனிதரின் வணக்கம் பரவியது. பேழையின் கொலைக்காட்சியிலே அரசன் இல்லை என்பதையும் உடன் நோக்கவேண்டும். வாள் ஏந்தியவர்கள் இருக்கின்றனர்; ஏவியவன் இல்லை.

1215 ஆம் ஆண்டில் உரோமையிலே கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், திருப்பண்டங்களைப் பேழையின்றி வெளியே காட்டலாகாது, விற்கலாகாது என விதித்தது. லிமோஜ்ப் பட்டறைகளுக்கு இது நல்ல காலம். 1229 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் வூஸ்ரர் மேற்றிராணியார், தம் ஆலயங்கள் வைத்திருக்கவேண்டிய சிமிழ்களுள் ஒன்று வெள்ளியாலோ தந்தத்தாலோ லிமோஜ் வேலையாலோ ஆனதாக இருக்கலாம் எனக் கட்டளையிட்டார். செம்புக்கு வெள்ளியோடும் தந்தத்தோடும் சமவரிசை கிடைத்தது. தேவை பெருகப் பெருக வேலையின் தரம் இறங்கியது. 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பேழைகள் சிலவற்றிலே உருவங்கள் அச்சிற் பிறந்தவை போல ஒரே சாயலாய் நிற்கின்றன. 14 ஆம் நூற்றாண்டிலே தொழில் நலிந்தது. 1370 ஆம் ஆண்டிலே ஆங்கில இளவரசன் எட்வேட் நகரத்தைச் சூறையாடினான்.

கன்ரர்பரியிலோ பெக்கெற்றின் உடல் 1220 ஆம் ஆண்டிலே நிலவறையிலிருந்து எடுக்கப்பட்டு, பொற்றகடும் மணிகளும் போர்த்த பெருங்கோயிற் சமாதியிலே வைக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாத்திரிகர் அதன்முன் மண்டியிட்டனர். 1538 ஆம் ஆண்டிலே எட்டாம் ஹென்றி அதனை இடித்தான். அரசனை எதிர்த்த குரு ஒருவர் புனிதராக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. பொன் வண்டிகளில் ஏற்றப்பட்டு அரசனுடைய பொக்கிசத்துக்குச் சென்றது. பெக்கெற்றின் பெயரைப் பூசைநூல்களிலிருந்து அழிக்கவும், அவருடைய படங்களையும் சிலைகளையும் அகற்றவும் கட்டளை பிறந்தது. இன்றும் பழைய பூசைநூல்களிலே மையால் அடித்த அப்பெயரைக் காணலாம்.

பொற்சமாதியின் ஒரு துண்டையேனும் இன்று ஒருவராலும் காட்ட இயலாது. செப்புப் பேழைகள் ஐம்பது இருக்கின்றன. பொன்னை உருக்கினால் பொன். எனாமல் பதித்த செம்பை உருக்கினால் கிடைப்பது சொற்பம். எவனும் சிரமமெடுக்கவில்லை. ஆயினும் செம்பும் எக்காலத்தும் தப்பியது என்பதற்கில்லை. லிமோஜுக்கு அண்மையில், இரண்டாம் ஹென்றியின் ஆதரவைப் பெற்ற கிறாண்மோன் என்னும் மடத்திலே, எனாமற் செம்பினாலான பெரும் பீடம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் காலத்திலே அது பழஞ்செம்பாக நிறுத்து விற்கப்பட்டது. அதன் தகடுகளிலே இரண்டு மட்டும் பாரிசிலுள்ள குளுனி நூதனசாலையில் எஞ்சியுள்ளன. அவற்றின் முன் நிற்பவர், இழந்ததன் அளவை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுவர்.

இலண்டன் பேழை பல கைகள் மாறியது. 18 ஆம் நூற்றாண்டிலே பழம்பொருள் ஆராய்ச்சியாளர் வில்லியம் ஸ்ரியூக்லியிடம் இருந்தது. 1979 ஆம் ஆண்டிலே அதனை வாங்கியது பிரித்தானியப் புகையிரத ஊழியரின் ஓய்வூதிய நிதியம். சேமிப்பைக் கலைப்பொருளில் இட்டுப் பெருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். 1996 ஆம் ஆண்டில் அது ஏலத்துக்கு வந்தபோது விலை 40 இலட்சம் பவுணைக் கடந்தது. நாட்டைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் எழவே, பொதுநிதியின் துணையோடு நூதனசாலை அதனைப் பெற்றுக்கொண்டது. இன்று அது கண்ணாடிக்குள், பூட்டிய நிலையில் இருக்கின்றது. எந்த எலும்புக்காக, எந்தத் துணிக்காக அது செய்யப்பட்டதோ, அது அதனுள் இல்லை.